மண்வெட்டி எழுத்து

சிலுவைமுத்துவுக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தைகள் தெரியும். பஸ்ஸு, டவுனு, கண்ட்ரோலு, லேபரு. முதல் இரண்டும் அவை பாட்டுக்கு இருந்தன, அவன் பாட்டுக்கு அவன் இருந்தான். மூன்றாவது, யுத்தம் வந்த பிறகு ரேஷன் என்று வீட்டுக்குள் புகுந்து மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தது. நாலாவது வார்த்தை அவன் தம்பியைக் கொண்டுபோய்விட்டது.

தம்பி பெயர் சாலமோன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் மிளகாய் மூட்டையோடு அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தார்கள். புளியமரத்தடியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள். "லேபர்ல சேந்தா மூணு வேளைச் சோறு, கம்பளி, பூட்ஸு" என்று அந்த ஆள் கூவிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. சோறு என்று கேட்டதோடு சாலமோனின் காது அடைத்துக்கொண்டது. பிறகு அந்த ஆள் வாசித்த "உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் சர்க்கார் பொறுப்பல்ல" என்ற வரி அண்ணன் காதில் மட்டும்தான் விழுந்தது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தம்பி கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

சிலுவைமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தின் உச்சியில் கொட்டையாக இருந்த 'லேபர்' என்ற இங்கிலீஷ் வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டான். நெட்டுக்குத்தாக ஒரு நீளக் கோடு, அதன் அடியில் படுக்கையாக ஒரு குட்டைக் கோடு. மண்வெட்டியைத் தரையில் நிறுத்தி வைத்தது மாதிரி இருந்தது.

மூன்று மாதம் கழித்து அஸ்ஸாமிலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறான். கோயில் சாமியார் வாசித்துக் காட்டினார். "இங்கே மழை நிற்கவே இல்லை. அட்டை கடிக்கிறது." இரண்டே வரிதான். அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. இனி மண்வெட்டி எழுத்து இருக்கிற எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைப்பதில்லை என்று சிலுவைமுத்து அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டுச் சத்தியம் செய்தான்.

இப்படிப்பட்டவனுடைய பெண்டாட்டிக்குத்தான் பிள்ளை குறுக்கே கிடந்தது.

ஞானப்பூவுக்கு அது தலைப்பிள்ளை. முந்தின நாள் பொழுது அடையும்போது வலி எடுத்தது. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற மாயக்காள் விடிகாலையில் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் தைரியம் எதையும் சொல்லவில்லை. "ஏலே சிலுவை, தலை இங்கிட்டு இருக்கு, காலு அங்கிட்டு இருக்கு. இது எங் கைக்கு அடங்காது. வண்டியப் பூட்டு. வெயிலு உச்சிக்கு வாரதுக்குள்ள எடுத்தாகணும். இல்லைன்னா ரெண்டும் போயிரும்" என்றாள்.

திருச்சுழியைத் தாண்டிக் கரிசல் வண்டிப்பாதையில் பதினோரு மைல் வந்தார்கள். உடைமரத்தைத் தவிர வழியில் நிழல் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஞானப்பூ "மாதாவே" என்றாள். சிலுவைமுத்து மாட்டின் வாலைப் பார்ப்பதும் சூரியனைப் பார்ப்பதுமாக வந்தான். அன்றைக்குச் சூரியன் மாட்டைவிட வேகமாகப் போவதாக அவனுக்குத் தோன்றியது.

அருப்புக்கோட்டைக்கு வெளியே யுத்த நிதியில் கட்டிய விக்டரி பிரசவ ஆஸ்பத்திரி அப்போது புத்தம் புதிது. வாசலில் வெள்ளையடித்த கற்களைக் கவட்டை மாதிரி இரண்டு வரிசையாகப் பதித்திருந்தார்கள். அது இங்கிலீஷில் 'வி', வெற்றியின் எழுத்தாம். ஹிட்லர் ஒருவேளை அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தால் அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவார் என்று ஒரு கணக்கு. அவர் வராததால், அந்தக் கவட்டைக்குள் கணவன்மார்களை நிறுத்தி வைத்தார்கள். கல்லைத் தாண்டி வரக்கூடாது என்பது விதி.

பதிவு ஜன்னலில் ரைட்டர் நல்லகண்ணு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேஸு?"

"கேஸெல்லாம் ஒண்ணுமில்லைங்கய்யா. போலீசு டேசன் வாசலை மிதிச்சதே கிடையாது."

"யோவ், எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டேன்."

"எஞ் சம்சாரங்கய்யா. ஞானப்பூ. நேத்துலருந்து வலி. புள்ள குறுக்கால கிடக்குன்னு மாயக்கா சொல்லுது."

"அப்ப லேபர்ல சேக்கணும்னு சொல்லு."

சிலுவைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அய்யா, அவ புள்ளத்தாச்சிங்கய்யா! அவளைப் போயி லேபர்ல சேக்கலாமா?"

"புள்ளத்தாச்சியத்தான்யா லேபர்ல சேப்பாக. பெறகு உன்னையா சேப்பாக? லேபரு எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"ரெண்டு வருசமாச்சுங்கய்யா."

நல்லகண்ணு பேனாவை மைக்கூட்டில் தோய்த்தபடியே கேட்டார். "எங்க?"

"அஸ்ஸாம்லங்கய்யா."

நல்லகண்ணு பதினெட்டு வருஷ சர்க்கார் அனுபவம் உள்ளவர். சொன்னதை எழுதுவது அவர் வேலை. சொன்னதை நினைத்துப் பார்ப்பதற்கு வேறு யாரையாவது நியமித்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். 'லேபர் தொடக்கம்: இரண்டு வருடங்களுக்கு முன். இடம்: அஸ்ஸாம்' என்று முத்து முத்தாக எழுதி, மை ஒற்றும் காகிதத்தை அழகாக ஒற்றி எடுத்தார்.

அதற்குள் ஞானப்பூவைத் தூக்குக்கட்டிலில் வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்ததை மட்டும் சிலுவைமுத்து கண்டான். கூடவே போகப் பார்த்த மாயக்காளை வாசலிலேயே நிறுத்தினார்கள். சர்ட்டிபிகேட் இல்லாத கை உள்ளே வரக்கூடாதாம். மாயக்காள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டி நிழலில் போய் உட்கார்ந்தாள். சிலுவைமுத்து கவட்டைக்குள் போய் நின்றான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெருமை உண்டு. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களுக்கு நர்ஸுகள் ஆறுதல் அளிக்க வேண்டும் என்று பட்டணத்திலிருந்து ஒரு உத்தரவு வந்திருந்தது. எழுதியவர் நல்ல மனுஷராக இருக்க வேண்டும். ஆனால் உத்தரவு பல மேஜைகளைக் கடந்து அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தபோது, ஆறுதலுக்கு நேரம் ஏற்பட்டிருந்தது, ஒரு பதிவேடு ஏற்பட்டிருந்தது, வாசிப்பதற்கு ஒரு அட்டையும் ஏற்பட்டிருந்தது. காலை ஏழு, பதினொன்று, மாலை நாலு. அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் விரயம், குறைத்துப் பேசினால் கையாடல். மேட்ரன் எலிசபெத் அம்மாள் இதில் கறாரானவர்.

பதினொரு மணி அடித்தது. லேபர் வார்டின் ஜன்னல் கவட்டைக்கு எதிரேதான் இருந்தது. உள்ளே மேட்ரனின் குரல் கேட்டது. "ஜெயசெல்வி, ஏன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? விடு. மணியாகிவிட்டது. அட்டையை எடு!"

சிலுவைமுத்து தன்னை அறியாமல் காலைக் குனிந்து பார்த்தான். லேபரில் அட்டை கடிக்கும் என்று தம்பி எழுதியிருந்தானே. இங்கேயே வைத்திருக்கிறார்கள். டப்பாவில் அடைத்து வைத்து, மணி அடித்தால் எடுத்து விடுகிறார்கள் போல.

பிறகு ஒரு இளம் குரல், நடுங்கிக்கொண்டே, எதையோ ராகம் போட்டு வாசித்தது. "பேறுகாலம் எய்திய பெண்ணே, அஞ்சற்க. நின் துன்பம் விரைவில் முடிவுறும். மாட்சிமை தங்கிய மன்னர்பிரானின் அரசு நின் சந்ததியைக் காக்கும்."

கத்தோலிக்க ஊரில் பிறந்த ஞானப்பூவுக்கு இப்படிப் புரியாத மொழியில், படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, புத்தகம் பார்த்து வாசிப்பது எப்போது என்று தெரியும். ஆள் பிழைக்காது என்று ஆனபின் சாமியார் எண்ணெயோடு வருவார். அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். ஞானப்பூவின் அலறல் கூரையைத் தூக்கியது.

"ஐயோ, எனக்கு அவஸ்தை குடுக்கிறாகளே! சாகப் போறேன்னு ஒருத்தரும் சொல்லலையே! ஏங்க, ஏங்க! இருக்கீகளா?"

"இருக்கேன் புள்ள!" என்று சிலுவைமுத்து கத்தினான். கணவன்மார்கள் கத்தக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். உள்ளே மேட்ரன் பதிவேட்டில் எழுதச் சொன்னது தெளிவாகக் கேட்டது. "பதினொன்று ஐந்து. ஆறுதல் ஒன்று வழங்கப்பட்டது. பலன்: கூச்சல்."

சிறிது நேரத்தில் பெரிய டாக்டர் சுவாமிதாஸ் வந்து பார்த்தார். அவர் கை தேர்ந்த டாக்டர் என்று ஊரில் பேச்சு. உள்ளே போனவர் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, "சிசேரியன். ஒரு மணிக்குள் எடுக்க வேண்டும். புருஷனிடம் கைநாட்டு வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லகண்ணு ஒரு காகிதத்தோடும் மைத்தட்டோடும் கவட்டைக்கு வந்தார்.

"சிசேரியனுக்கு அனுப்பணும். விரலை வையி."

"அது எங்கய்யா இருக்கு? அஸ்ஸாமுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஊரு இல்லய்யா. ஆப்பரேசன். வயித்தைக் கீறிப் புள்ளய எடுக்கிறது."

சிலுவைமுத்து ஜன்னலைப் பார்த்தான். பிறகு கேட்டான். "கீறினா ரெண்டு உசுரும் பொழைக்குமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசிக்கிறேன், கேட்டுக்க." நல்லகண்ணு வாசித்தார். "உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல."

அதே வரி. சிலுவைமுத்து குனிந்து காகிதத்தின் உச்சியைப் பார்த்தான். கொட்டை எழுத்தில் முதலாவதாக மண்வெட்டி நின்றது. அவன் இடது கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டான்.

"மேல என்னங்கய்யா எழுதியிருக்கு?"

"லேபர் வார்டுன்னு எழுதியிருக்கு."

"அய்யா, உங்க காலைப் புடிக்கிறேன். கீறணும்னா கீறுங்க. எம் புள்ள போனாலும் போகட்டும், அவ பொழைச்சாப் போதும். அந்த லேபருங்கிற எழுத்தை மட்டும் அடிச்சிருங்க. அடிச்சிட்டா பத்து விரலும் வைக்கேன்."

நல்லகண்ணு ஒரு அடி பின்வாங்கினார். அவரிடம் கொலை செய்யச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார். "அச்சடிச்ச எழுத்தை அடிக்கிறதா? சர்க்கார் எழுத்துய்யா அது!"

விஷயம் மேட்ரனிடம் போனது. மேட்ரன் கவட்டைக்கு வந்து அதே காகிதத்தை இன்னும் உரக்க வாசித்தார். அதற்கும் அவன் மசியாததைக் கண்டு, இப்படி ஒரு மூடனை இந்த ஜில்லா தவிர வேறெங்கும் காண முடியாது என்று அறிவித்தார். "அவனுக்கு ஏதாவது சொல்லிப் புரியவைக்கலாமா, மேடம்?" என்று ஜன்னலிலிருந்து அந்த இளம் நர்ஸ் ஜெயசெல்வி கேட்டாள். மேட்ரன் திரும்பினார். "புரியவைப்பது ஆறுதலில் சேரும். ஆறுதல் நோயாளிகளுக்கு மட்டும். ஆண்பிள்ளைக்கு அட்டை கிடையாது."

இந்த நேரம் பார்த்துத்தான் மேற்பார்வைத் துரையின் மோட்டார் வந்து நின்றது. துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். டாக்டர் சுவாமிதாஸ் கையுறையைக் கழற்றிவிட்டு மாலையை எடுத்துக்கொண்டு ஓடினார். வராந்தாவில் வரவேற்பு நடந்தது. கவட்டைக்கும் வராந்தாவுக்கும் பத்தடிதான். டாக்டரின் தமிழ்ப் பிரசங்கத்தில் சிலுவைமுத்துவின் காதுக்கு ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

"கனம் துரையவர்களே! இந்த ஆஸ்பத்திரி திறந்து பதினாலு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் ஆறாயிரத்து இருநூறு ஆறுதல்கள் வழங்கியிருக்கிறோம். ஒன்றிலாவது அட்டையை விட்டு ஒரு எழுத்துப் பிசகியதில்லை. பிரசவக் கணக்கில் நாம் சற்றுப் பின்தங்கியிருப்பது மெய்தான். அதற்கு நோயாளிகளின் ஒத்துழையாமையே காரணம். சிலர் ஆறுதல் நேரம் வருவதற்கு முன்பே பிரசவித்துவிடுகிறார்கள். சிலர் அதுவரை பொறுக்காமல் இறந்துவிடுகிறார்கள். ஆயினும் இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முறைப்படி ஆறுதல் பெற்ற பிறகே இறந்தார்கள் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. உள்ளிருந்து ஞானப்பூவின் குரலும் வந்தது. முன்பு மாதிரி அலறலாக இல்லை. களைத்துப்போய், கன்றுக்குட்டி ஈனஸ்வரத்தில் கத்துவது போல இருந்தது. சிலுவைமுத்துவுக்கு அந்தக் குறைந்த சத்தம்தான் அதிகப் பயத்தைத் தந்தது. அண்ணாந்து பார்த்தான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது.

துரையிடம் காகித விவகாரத்தைச் சொன்னார்கள். துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார். அச்சிட்ட வார்த்தையை நீக்க மாகாண சர்க்காரின் உத்தரவு தேவை, எழுதிப் போட்டால் நாலு மாதத்தில் வந்துவிடும் என்றார், தாம் தனிப்பட்ட முறையில் சிபாரிசு செய்வதாகவும் வாக்களித்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.

சிலுவைமுத்து கவட்டையை விட்டு வண்டிக்கு ஓடினான். "மாயக்கா, வண்டியப் பூட்டு. அவளை வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். இவுக அஸ்ஸாமுக்கு அனுப்பப் பாக்காக."

"கூறுகெட்டவனே, பதினோரு மைலு தாங்குவாளாடா? பள்ளத்துல ஒரு குலுக்கு குலுக்குச்சுன்னா வண்டியிலயே போயிருவா."

"இங்க இருந்தா லேபர்ல போயிருவா!"

இரண்டு பக்கமும் வழி இல்லை என்று தெரிந்தது. வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்போது யாரோ அவன் தோளைத் தொட்டார்கள். வெள்ளைக் கல்லைத் தாண்டி, வெள்ளை உடுப்பில் வியர்வை வழிய ஜெயசெல்வி நின்றாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். பாலவனத்தத்துப் பெண். கையில் அந்தக் காகிதமும் மைத்தட்டும் இருந்தன.

"அண்ணே, அந்த எழுத்தைக் கண்டா ஏண்ணே இம்புட்டுப் பயப்படுறீக?"

காலையிலிருந்து அவனிடம் எல்லோரும் ஏதேதோ கேட்டார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. சந்தை, மேஜை, லாரி, அட்டை எல்லாவற்றையும் அவன் ஒரே மூச்சில் கொட்டினான்.

"அண்ணே, லேபருன்னா இடுப்பு வலி. அம்புட்டுத்தான். வலி எடுத்த பொம்பளைகளப் படுக்க வைக்கிற ரூமுக்கு அதுதான் பேரு."

"இடுப்பு வலியா? அப்ப எந் தம்பி?"

"அது கூலி வேலைண்ணே. வெள்ளைக்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை."

"அட்டை?"

அவள் பையிலிருந்து ஒரு காகித அட்டையை எடுத்துக் காட்டினாள். "இதுதாண்ணே. கடிக்காது. பிரயோசனமும் இல்லை."

"அஸ்ஸாமுக்கு அனுப்ப மாட்டாகளே?"

"நீங்க கைநாட்டு வச்சா யாரையும் அஸ்ஸாமுக்கு அனுப்ப மாட்டாக. அக்கா எங் கண்ணு முன்னாலதான் இருக்கும். நான் கையப் புடிச்சுக்கிட்டே இருக்கேன். வெரசாக் குடுங்கண்ணே, நேரமில்லை."

சிலுவைமுத்து மூடிய கையைத் திறந்தான். விரல் விறைத்துப் போயிருந்தது. அவளே பிடித்து மையில் ஒற்றி, மண்வெட்டி எழுத்துக்குக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் அவன் பட்டதை எழுதுவதற்கில்லை. மாயக்காள் வாய்க்குள் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள், அவன் அந்தோணியாரைக் கூப்பிட்டான். இரண்டு பேரில் யார் வந்தார்களோ, உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. சிலுவைமுத்து அசையவில்லை. பிள்ளை அழுதால் பிள்ளை இருக்கிறது என்றுதான் அர்த்தம். வெகுநேரம் கழித்து ஜெயசெல்வி ஜன்னலில் முகத்தைக் காட்டினாள். "பொம்பளப் புள்ளைண்ணே. அக்கா கண்ணு முழிச்சிருச்சு. உங்களத்தான் கேக்குது" என்றாள். அவன் வெள்ளைக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். ஞானப்பூ வாடின கீரைத்தண்டு மாதிரி கிடந்தாள். ஆனால் பேசினாள். "மூக்குல துணிய வச்சாக. பயமா இருக்கு தாயீன்னேன். அந்தப் பொண்ணு எங் கையப் புடிச்சுக்கிட்டு, எனக்கும் பயமாத்தான் இருக்கு, வாங்க ரெண்டு பேருமாச் சேந்து பயப்படுவோம்னுச்சு. அதுக்கப்பறம் பாதிப் பயம் போயிருச்சுங்க."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் எதுவும் உயிர் பிழைப்பதோடு முடிவதில்லை.

ஜெயசெல்வி மீது மேட்ரன் புகார் எழுதினார். நேரம் தவறி ஆறுதல் அளித்தாள். ஆண்பிள்ளைக்கு அளித்தாள். அட்டையில்லாமல் கொச்சைத் தமிழில் அளித்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், அந்த ஆறுதல் பலித்துவிட்டது. ஆறாயிரத்து இருநூறு ஆறுதல்களில் பலித்தது என்று சொல்ல இது ஒன்றுதான், இதனால் அட்டையின் கௌரவத்துக்குப் பங்கம். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஆறுதல் சட்டப்படி நடக்காத ஆறுதல். ஆகவே குற்றத்தை நிரூபிக்க, பெற்றுக்கொண்டவனின் வாக்குமூலம் வேண்டும்.

பத்தாம் நாள் நல்லகண்ணு ஒரு காகிதத்தோடு கவட்டைக்கு வந்தார். "ஜெயசெல்வி நர்ஸம்மா உனக்கு ஆறுதல் சொன்னாகன்னு இதுல எழுதியிருக்கு. நெசந்தானே?"

"நெசந்தாங்கய்யா! அவுக ஒரு வார்த்தை சொல்லலைன்னா எங் குடும்பமே இல்லை. நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க."

சிலுவைமுத்து காகிதத்தை வாங்கி மேலே, கீழே, ஓரத்தில் எல்லாம் உற்றுப் பார்த்தான். முழுக்கத் தமிழ். மண்வெட்டி எங்கும் இல்லை. நல்ல பெண்ணுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிற சந்தோஷத்தில் கட்டைவிரலை மையில் முக்கி, அழுத்தி வைத்தான். "பத்தாதுன்னா வலது கையும் வைக்கட்டுங்களா?" என்று கேட்டான். நல்லகண்ணு, ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஞானப்பூவைப் போகலாம் என்றார்கள். அவளையும் பிள்ளையையும் மாயக்காள் வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு காக்கி லாரி நின்றது. அதன் பக்கத்தில் தகரப்பெட்டியும் கையுமாக ஜெயசெல்வி நின்றாள். வெள்ளை உடுப்பு இல்லாமல் அவள் பார்க்கச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"என்ன தாயீ, லீவா? பாலவனத்தத்துக்கா?"

"லாரி அந்த வழியாத்தாண்ணே போகும். ஆனா நிக்காது. விருதுநகர்ல ரயிலு. ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாக." அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "அஸ்ஸாமுக்கு."

அவள் கையில் உத்தரவு இருந்தது. கட்டுப்பாடின்றி ஆறுதல் அளிப்போருக்கு யுத்தமுனையே ஏற்ற இடம் என்று அதில் கண்டிருந்தது. உத்தரவோடு குண்டூசி குத்திய இன்னொரு காகிதம் காற்றில் படபடத்தது. அதன் அடியில் நீலமாக ஒரு கட்டைவிரல். ரேகையின் குறுக்கே அரிவாள் வெட்டிய தழும்பு. சிலுவைமுத்துவுக்கு எழுத்துத்தான் தெரியாது, தன் விரல் தெரியும்.

"அதுல மண்வெட்டி இல்லையே தாயீ" என்றான். "நான் நல்லாப் பாத்துத்தானே வச்சேன்."

"இல்லைண்ணே. நீங்க என்ன செய்வீக?"

லாரிக்காரன் ஹாரனை அடித்தான். அவள் பெட்டியைத் தூக்கினாள். அதை லாரிக்குள் தள்ளினாள். ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

"அண்ணே, உங்க தம்பி அங்கருந்து கார்டு போட்டாருன்னீகளே. அட்டை தவிர வேற என்ன எழுதியிருந்தாரு?"

சிலுவைமுத்து வெள்ளைக் கல்லைத் தாண்டினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நிற்காத மழை அவன் ஞாபகத்தில் பெய்தது. இரண்டு வருஷமாக வராத கார்டுகளும் ஞாபகத்துக்கு வந்தன.

"நல்லா இருக்கேன்னு எழுதியிருந்தான் தாயீ. சனங்க நல்ல சனங்களாம். பயப்படுறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருந்தான்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. லாரி புறப்பட்டுப் போய், புழுதி அடங்கும்வரை சிலுவைமுத்து கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். பதினொரு மணி ஆறுதலுக்கு இன்னும் அரை மணி இருந்தது. பதிவு ஜன்னலில் நல்லகண்ணு கடிகாரத்தைப் பார்த்தார், ஆறுதல் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு எதையும் எழுதாமல் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.